அப்பன் டிராக்டருக்கு ஒரு பூசணிக்காய்

காலைக் கொஞ்சம் அந்தப்பக்கம் ஒதுக்கிக்கங்க தம்பி. பைய மிதிச்சுப்போடாதீங்க. உள்ள பூசணிக்காய் இருக்குதுங்க. கொழம்பு வெக்கறது இல்ல, திருஷ்டிக்குக் கட்டற வெள்ளைப்பூசணி. அதுக்குப் பக்கத்துல காயிதத்துல சுத்தியிருக்கறது நாசிலு. டிராக்டர் இன்ஜினுக்குள்ள டீசலப் பீச்சியடிக்குமே, அந்தச் சாமான். ரெண்டுமே கோயமுத்தூர்ல வாங்குனதுங்க. நாசிலு போனதும் கெடைச்சுருச்சு. பூசணிக்காய்க்குத்தான் உக்கடம் மார்க்கெட்டையே சுத்தி வந்தேன். காம்பு நல்லாக் கெட்டியா இருக்கோணுமுங்க. காம்பு சரியில்லீன்னா கயிறு நிக்காது.

டிராக்டருக்கு எதுக்குப் பூசணிக்காயின்னு நீங்க கேக்குலீங்க. ஆனா காதுல மாட்டியிருந்த ஒயர ஒரு பக்கம் கழட்டுனீங்க பாருங்க, அது கேட்ட மாதிரித்தான். நான் ஆலாம்பாளையம் பிரிவுல எறங்கோணும். அதுக்குள்ள சொல்லி முடிச்சுருவேன்.

எம்பேரு நாச்சிமுத்துங்க. திருப்பூர்ல ஒரு பஞ்சு மில்லுல டைம் கீப்பரா இருந்து ஓய்வு வாங்குனவன். அதனால மிசினு எனக்குப் புதுசில்ல. மில்லு வாசல் ரூமுல உக்காந்து, ஆளு வர்ற நேரம் போற நேரம் எழுதறதுதான் நம்ம வேலை. மிசினுகிட்டப் போனதில்ல. ஆனா சத்தம் பூராக் காதுல விழுந்துட்டேதான இருக்கும்? காலம் பூரா மிசின் சத்தத்தக் கேட்டவனுக்கு ஒரு பழைய டிராக்டரு என்னங்க பெரிய வித்தை? அப்புடித்தான் நெனச்சேன். இப்பவும் அப்புடித்தான் நெனைக்கறேன்.

எனக்கு ஒரே அண்ணன். சென்னியப்பன்னு பேரு. நான் மில்லுக்குப் போயிட்டேன், அவன் அப்பங்கூடவே காட்டுல நின்னுக்கிட்டான். அப்பன் வாங்குன டிராக்டர அவந்தான் ஓட்டுவான். நான் நோம்பிக்கு நோம்பி ஊருக்கு வந்தா மட்கார்டு மேல உக்காந்துட்டு ஒரு சுத்துப் போவேன், அவ்வளவுதான். அப்பன் போன பொறகு பாகம் பிரிச்சாங்க. நெலத்துல கோடு போட்டு வேலி கட்டியாச்சு. கெணத்துக்கு முறை வெச்சாச்சு. டிராக்டரையும் எருமையையும் எப்புடிங்க கோடு போடறது? கோயில்ல சீட்டுக் குலுக்கிப் போட்டாங்க. எனக்கு டிராக்டரு. அவனுக்கு எருமை.

அன்னைக்கே அவன் ஆள் மூலமாச் சொல்லியுட்டான். "அவனுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. எருமைய அவன் வெச்சுக்கட்டும், வண்டிய நான் எடுத்துக்கறேன்"னு. ஏனுங், எனக்கு எருமை கறக்க மட்டும் தெரியுமாக்கும்? சாமி குடுத்தத மாத்தறதுக்கு நான் யாரு? முடியாதுன்னுட்டேன். அதோட பேச்சு நின்னுபோச்சு. ஒரே வேலிக்கு அந்தப்பக்கம் அவன், இந்தப்பக்கம் நான். மொகத்துக்கு மொகம் பாத்தா ஆளுக்கொரு பக்கம் காறித் துப்பிட்டுப் போறது.

வண்டிய அவனே ஓட்டியாந்து எங்க சாளைக் கொட்டாயிக்குள்ள உட்டான். நான் திரும்பிப் பாக்காத மாதிரி ஓரக்கண்ணுல பாத்துட்டிருந்தேன். ஸ்டியரிங்குக்குக் கீழ ஒரு கறுப்புக் குமிழு இருக்குமுங்க. அதப் புடிச்சு வெளிய இழுத்தா டீசல் அடைபட்டு இன்ஜின் நின்னுரும். அத இழுத்தான், வண்டி நின்னுச்சு. அப்பறம் எறங்கிப் போக வேண்டியதுதான? போகுல. தோள்ல கெடந்த துண்ட எடுத்து வண்டி மூஞ்சியத் தொடச்சான். பானட்டத் தடவித் தடவிக் குடுத்தான். மட்கார்டு மேல கைய வெச்சுட்டு அப்புடியே நின்னான். கண்ணு ரெண்டும் செவந்து கலங்கிக் கெடந்துது. அந்தக் கண்ணோட வண்டிய ஒரு பார்வை பாத்தான் பாருங்க, நான் நேரா ஊட்டுக்குள்ள போனேன். "தெய்வானை, முடிஞ்சுது. வெச்சுட்டான் கண்ணு"ன்னு எங்கூட்டுக்காரிகிட்ட அப்பவே சொன்னேன்.

நான் ஏமாந்தவனில்லீங்க. அன்னைக்குப் பொழுதோடவே எலுமிச்சம்பழமும் பச்சமொளகாயும் கோத்துட்டேன். எங்க கட்டறதுங்கறதுதான் கேள்வி. முன்னால கட்டுனா ஆடு தின்னுபோடும். அப்பத்தான் அந்தக் கறுப்புக் குமிழு கண்ணுல பட்டுது. வெளிய இழுத்தபடி, கயிறு மாட்டறதுக்குன்னே செஞ்சாப்புல நீட்டிக்கிட்டு நிக்குது. அதுக்கு வேற வேலையும் இல்ல, இன்ஜின நிறுத்தறதுக்கு மட்டுந்தான். நமக்கு நிறுத்தறதா பிரச்சினை? கெளப்பறதுதான பிரச்சினை? சும்மா கெடக்கற குமிழு சாமி காரியத்துக்காவது ஆகட்டும்னு, கயித்த அதுல கோத்து, ஆடாம அசையாம சீட்டுக் கம்பியோட இழுத்து வரிஞ்சு கட்டுனேன். மில்லுல பஞ்சுப் பொதி கட்டற முடிச்சு. அவுறவே அவுறாது.

ஒரு நல்ல நாள் பாத்து ஏறி உக்காந்து சாவியத் திருப்புனேன். கிர்ருங்குது, கிர்ருங்குது, பத்தவே மாட்டேங்குது. எறங்கி வந்து தேங்காய் ஒடைச்சுட்டு மறுக்கா ஏறித் திருப்புனேன். கிர்ரு. ஓடுன வண்டிங்க! வாசல் வரைக்கும் ஓடி வந்த வண்டி! திருஷ்டியில்லாம வேறென்ன?

அந்தச் சமயத்துலதான் எங்க தங்கச்சி பாவாத்தா பத்திரிகையோட வந்தா. அவ மக மைதிலிக்குக் கல்யாணம். ரெண்டு ஊட்டு வாசல்லயும் வெத்தலை பாக்கு வெச்சுட்டு, வேலியோரமா வந்து நின்னு, ரெண்டு பக்கமும் கேக்கறாப்புலச் சொன்னா. "மாமன் சீரு அப்பா வண்டியில வரோணும். அந்த வண்டியில ரெண்டு பேரும் வரோணும். வண்டி வல்லீன்னாலும் சரி, ஒருத்தன் வந்து ஒருத்தன் வல்லீன்னாலும் சரி, பெரியப்பன் பையனக் கூப்புட்டு மாமன் மாலையப் போட்டுக்கறேன். நீங்க ரெண்டு பேரும் இங்கயே நின்னு வேலியக் காவல் காத்துக்கங்க"ன்னு சொல்லிப்போட்டு, தண்ணிகூட வாங்கிக் குடிக்காமப் போயிட்டா.

உங்களுக்கு இதெல்லாம் பெருசாத் தெரியாது தம்பி. எங்க பக்கம் தாய்மாமன் மாலை உழுகாம புள்ளை மணவறை ஏறாதுங்க. எனக்குக் கொழந்தை குட்டி இல்ல. அந்தப் புள்ள பொறந்தப்ப ஆஸ்பத்திரியில மொதல்ல கையில வாங்குனவன் நானு. அது எவனோ போட்ட மாலையோட மணவறையில உக்காரறதப் பாக்கறதுக்கு நான் இருக்கோணுமா? அன்னைக்குச் சோறு எறங்குலீங்க. வண்டிய எப்புடியாச்சும் கெளப்பிறோணும்னு அப்பன் படத்துக்கு முன்னால நின்னு சத்தியம் பண்ணுனேன்.

மெக்கானிக்கக் கூப்புட்டிருக்கலாம்ல, அதானுங்க? கூப்புடலாந்தான். சுத்துவட்டாரத்துல ஸ்பானர் புடிக்கறவன் அத்தனை பேரும் எங்கண்ணங்கூட ஒரே கிளாஸ்ல டீக் குடிக்கறவனுக. வந்தா வேலை பாப்பானா, வேவு பாப்பானா? நாமளே பாத்துக்கலாம்னு ஒரு ஸ்பானர் செட்டு வாங்கியாந்தேன்.

போன்ல எல்லாம் சொல்லித் தர்றாங்களாமா. தேடுனேன். ஒரு சர்தார்ஜி அம்சமாச் சொல்லித் தர்றாரு. அவரு பேசறது ஒண்ணும் புரியலீங்க, ஆனா கை பேசுது. அவரு எதக் கழட்டுனாரோ அத நானும் கழட்டுனேன். அவரோட வண்டி வேற, நம்ம வண்டி வேற. அவரு ஒரு மூடியக் கழட்டறாரு, நம்ம வண்டியில அப்புடி ஒரு மூடியே இல்ல. அது இல்லீன்னு அந்த எடத்துல வேற என்ன இருந்துதோ அதக் கழட்டுனேன். மறுக்கா மாட்டறப்ப ஒரு டப்பா நெறைய நட்டும் போல்ட்டும் மிச்சமாப் போச்சு. கம்பெனிக்காரன் தேவையில்லாம எத்தனை இரும்ப வெச்சு நம்ம தலையில கட்டியிருக்கறான் பாருங்க!

மொதல்ல பேட்டரின்னு நெனச்சேன். புதுசு போட்டேன். கிர்ருங்கறது இன்னும் சத்தமாக் கேட்டுது, அவ்வளவுதான். அப்பறம் டீசல் பில்டரு. கழட்டி, தெய்வானையோட பால் குண்டாவுல போட்டுக் கழுவுனேன். அப்பறம் நாசிலு. அடைச்சிருந்தா வேக வெக்கோணும்னு எனக்கே தோணுச்சு. இட்லிக் குண்டாவுல தட்டு வெச்சு, குழிக்கு ஒண்ணா வெச்சு அவிச்சேன். அதுக்கப்பறம் அவ சுட்ட இட்லியில ஒரு வாசம் வந்துது, எனக்கொண்ணும் வித்தியாசமாத் தெரியல. அவதான், "இந்த ஊட்டுல டீசல் போகாத எடம் அந்த இன்ஜின் ஒண்ணுதான்"னு கத்துனா. அது தப்பு. டீசல் பைப்புல காத்து பூந்துக்கிட்டா வண்டி கெளம்பாதாம், சர்தார்ஜி பம்ப அமுக்கி அமுக்கிக் காத்து எடுத்துக் காமிச்சாரு. நானும் எடுத்தேன். டீசல் நொரையில்லாம சாளை பூரா பீச்சியடிச்சுது, எம் மூஞ்சியிலகூட. அதுவரைக்கும் டீசல் நல்லாத்தான் வருது. அதுக்கு மேல போக மாட்டேங்குது. அடுத்த அடிக்கு என்னமோ தடுக்குது. என்னன்னு கண்டுபுடிச்சுட்டேங்க. தடுக்கறது வேலிக்கு அந்தப்பக்கம் நிக்குது.

பொழுதோட ஆனா வந்துருவான். எருமைக்குப் புல்லு காட்டற மாதிரி வேலியோரம் புடிச்சுட்டு வருவான். அந்த எருமைக்கு மல்லிகான்னு பேரு வெச்சுருக்கறான். எங்கிட்டப் பேச்சில்லயே, அதனால எங்கிட்டச் சொல்ல வேண்டியதையெல்லாம் மல்லிகாகிட்டச் சொல்லுவான். நானும் சும்மா இருப்பனா? வண்டி பானட்டத் தட்டி வண்டிகிட்டப் பதில் சொல்லுவேன். இப்புடியே நடந்துட்டிருந்துதுங்க.

நான் பேட்டரி மாத்துன அன்னைக்கு வந்து நின்னான். "ஏ மல்லிகா, பேட்டரிக்கு என்ன கேடு? வண்டிய நாந்தான நிறுத்துனேன், நல்லாத்தான நிறுத்துனேன்"ன்னான். "யாரு நிறுத்துனதுன்னு நமக்குத் தெரியாதா?"ன்னு வண்டிகிட்டச் சொன்னேன். நாசிலு அவிச்ச அன்னைக்குக் கொஞ்ச நேரம் பாத்துட்டு, "மல்லிகா, டீசல் வர்ற வழிய அடைச்சுக் கட்டி வெச்சுட்டு உள்ள என்னத்தத் தொழாவறாங்க? அந்தக் குமிழுல கட்டியிருக்கற கயித்த அவுத்துட்டு, குமிழ உள்ள தள்ளச் சொல்லு"ன்னான்.

நீங்களே சொல்லுங்க தம்பி. கண்ணு வெச்சவன், திருஷ்டிக் கயித்த அவுருங்கறான். எதுக்குங்கறான்? இவங்கண்ணு தங்குதடையில்லாம உள்ள போறதுக்கு! திருடன் வந்து கதவத் தொறந்து வையின்னா நாம தொறந்து வெச்சுருவமா? எலுமிச்சம்பழம் வேலை செய்யுது, அதனாலதான் அவனுக்கு உறுத்துதுன்னு எனக்கு வெளங்கிப்போச்சு. உடனே செவப்புத் துணியில தேங்காயக் கட்டி அதே கயித்துல சேத்துக் கட்டுனேன். மறுநாள் பாத்துட்டு, "ஐயோ மல்லிகா"ன்னு தலையில கைய வெச்சுக்கிட்டான். பாருங்க, எவ்வளவு உறுத்துதுன்னு! மாரியாத்தா கோயில் பூசாரிகிட்டக் கேட்டேன். பெரிய கண்ணா இருந்தா பூசணிக்காய்தான்னாரு. பூசணிக்காயக் கட்டுனேன். கயிறு தாங்காதுன்னு கெணத்துத் தாம்புக்கயித்துல குமிழையும் சீட்டையும் சேத்து இறுக்கிக் கட்டி, நடுவுல தொங்கவுட்டேன். ஏறி உக்காந்தா எந் தொடைக்கு நடுவுல கொழந்தையாட்டம் உக்காந்துக்கும்.

தெய்வானை ஒருநா மெதுவாச் சொன்னா. "மாமா, அவரு சொல்றத ஒருக்காச் செஞ்சுதான் பாருங்களேன், என்ன கொறைஞ்சுபோச்சு?" எனக்கு வந்துது பாருங்க ஆத்திரம்! "நீயுமா அந்தக் கச்சியில சேந்துட்டே?"ன்னு கேட்டேன். அதுக்கப்பறம் சாளைப்பக்கம் வந்தா பூசணிக்காயப் பாப்பா, என்னையப் பாப்பா, போயிருவா.

கல்யாணத்தன்னைக்குக் காத்தால வந்துருச்சு. சீர்த்தட்டு எடுக்கற பொம்பளைங்க பட்டுச்சேலையோட வாசல்ல நிக்கறாங்க. மேளக்காரங்க வந்துட்டாங்க. பழமும் தேங்காயும் சேலையும் வெச்ச சீர்க்கூடைய மட்கார்டுல கட்டியாச்சு. நான் பட்டு வேட்டியோட ஏறி, பூசணிக்காயத் தொடைக்கு நடுவுல ஒதுக்கி வெச்சுட்டு, அப்பா காப்பாத்துன்னு சாவியத் திருப்புனேன். கிர்ரு. மறுக்கா. கிர்ரு. அப்பறம் அந்தக் கிர்ரும் எளைச்சுப்போச்சு. பேட்டரி செத்துது. மேளக்காரன் மேளத்தக் கீழ வெச்சுட்டுப் பீடிய எடுத்தான். ஸ்டியரிங்குமேல தலைய வெச்சுக்கிட்டேன் தம்பி. பொம்பளைங்க பாக்கறாங்களேன்னுகூடத் தோணல, அழுதுட்டேன். மைதிலி மொகந்தான் கண்ணுக்குள்ள நின்னுது.

தலையத் தூக்குனா, வேலிக்கு அந்தப்பக்கம் எங்கண்ணன். பட்டு வேட்டி, தோள்ல இரும்புச் சங்கிலி. அவன் தவணையில எடுத்த புது டிராக்டரு பின்னால உறுமிக்கிட்டு நிக்குது. கட்டுத்தறியில நின்ன எருமையப் பாத்துத் திரும்பிக்கிட்டான்.

"மல்லிகா, நேரமாகுது. சங்கிலி போட்டு இழுத்துட்டுப் போலாமான்னு கேளு."

நான் பானட்டத் தட்டுனேன். "போடச் சொல்லு. ஆனா ஸ்டியரிங் நாந்தான் புடிப்பேன்."

"புடிக்கட்டும். மொதல்ல அந்தப் பூசணிக்காய..."

"பூசணிக்காயப் பத்திப் பேசறதா இருந்தா சங்கிலியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்னு சொல்லு!"

அவன் சங்கிலியத் தோள்ல இருந்து எறக்குனான். தெய்வானை முந்தானைய வாயில வெச்சுப் பொத்திக்கிட்டு உள்ள ஓடிட்டா, அழுதாளோ சிரிச்சாளோ தெரியல. மல்லிகா வாலத் தூக்கிச் சாணி போட்டா.

ஊர்வலம் கெளம்புச்சுங்க. முன்னால மேளம், அப்பறம் அவன் வண்டி, சங்கிலி, அப்பறம் என்ற வண்டி, பின்னால தட்டெடுத்த பொம்பளைங்க. இழுபட்டுப் போற வண்டின்னு ரோட்ல போறவங்களுக்குத் தெரியக்கூடாதில்ல? கம்பீரமா உக்காந்து ஸ்டியரிங்க இப்புடி அப்புடித் திருப்புனேன். ஓடற வண்டியில கியரு போட்டுருப்பாங்கன்னு கியரையும் போட்டுக்கிட்டேன். போட்டதும் வண்டி வராம டயரு தேய ஆரம்பிச்சுது. கிளச்ச மிதிச்சா வருது. வழி பூரா கிளச்ச மிதிச்சுக்கிட்டே வந்தேன், காலு மரத்துப்போச்சு. முன்னால போறவன் அப்பப்பத் திரும்பிப் பாத்துக்கிட்டான். நான் ஆகாசத்தப் பாத்துக்கிட்டேன்.

மண்டபத்து வாசல் வந்துது. பாவாத்தா ஆரத்தித் தட்டோட நிக்கறா, பக்கத்துல கல்யாணப்பொண்ணு. பக்கத்துலயே பெரியப்பன் பையன் கையில ஒரு மாலைய வெச்சுக்கிட்டு, நாங்க வல்லீன்னாப் போடறதுக்குத் தயாரா நிக்கறான். அதப் பாத்ததும் எனக்கு ரத்தம் கொதிச்சுது. சீரு உள்ள நொழையறதுக்கு முன்னால வாசல்ல பூசணிக்காய ஒடைக்கோணுமுங்க, அதுதான் முறை. பொதி முடிச்சு, கையில அவுறாது. சீட்டுக்கு அடியில அருவா வெச்சிருந்தேன். குனிஞ்சு ஒரே வெட்டு. கயிறு அந்து போச்சு. எம் முழங்கை பட்டு அந்தக் கறுப்புக் குமிழு சடக்குன்னு உள்ள ஓடுச்சு, வளைக்குள்ள எலி ஓடறாப்புல. என்னமோ ஓடுதேன்னு நெனச்சேன், அதுக்கு எனக்கு ஏது நேரம்? பூசணிக்காயத் தலைக்கு மேல தூக்குனேன். அவன் வண்டி இன்னும் மெல்ல இழுத்துட்டுத்தான் இருந்துது. தூக்கறப்ப எந்திரிச்சு நின்னேன், கிளச்சுல இருந்து காலு வந்துருச்சு. போட்டேன் பாருங்க ரோட்ல. சல்லி சல்லியாச் செதறுச்சு.

செதறுன அதே நொடி தம்பி, அதே நொடி! வண்டி பொகையக் கக்கிட்டு டமடமன்னு உசுரு வந்து நிக்குது! ஆரத்தித் தட்டு பூராக் கரி. இத்தனை நாளு புடிச்சிருந்த கண்ணு பூசணிக்காயோட ஒடைஞ்சுபோச்சு. இதுக்கு மேல என்னங்க அத்தாச்சி வேணும்? "அப்பா!"ன்னு கத்துனேன் நானு.

கத்தறதுக்குள்ள வண்டி கெளம்பிருச்சு. சத்தத்தக் கேட்டு முன்னால அவன் வண்டிய நிறுத்திட்டான். இடிச்சுப்போடுமேன்னு ஸ்டியரிங்க ஒடிச்சேன். சங்கிலி இழுத்துப் புடிச்சுக்குச்சு. முன்னால போக முடியாம, முளையில கட்டுன கன்னுக்குட்டியாட்டம் அவன் வண்டியவே சுத்த ஆரம்பிச்சுருச்சு. பிரேக்க மிதிச்சேன். டிராக்டருக்குச் சக்கரத்துக்கு ஒரு பிரேக்காமுங்க, ஒண்ண மட்டும் மிதிச்சா நிக்காது, இன்னும் நல்லாச் சுத்தும். சர்தார்ஜி அதச் சொல்லவே இல்ல. கெளப்பறதுக்குத்தான் அவரு சொல்லிக் குடுத்தாரு, நிறுத்தறதுக்கு நான் கேக்கவே இல்லயே. சாவியத் திருப்புனேன், அதுக்கும் நிக்குல. மேளக்காரங்க இது சீர்ல ஒரு அயிட்டம்னு நெனச்சுக்கிட்டு முழு வேகத்துல அடிக்கறாங்க. மாப்ள ஊட்டுச் சனம் விசிலடிக்குது. சீர்க்கூடையில இருந்து வாழைப்பழம் ஒவ்வொண்ணாப் பறக்குது.

எங்கண்ணன் வண்டியில இருந்து குதிச்சு, வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு எங்கூடவே ஓடி வர்றான். "மல்லிகா! குமிழ இழுக்கச் சொல்லு மல்லிகா!"ன்னு கத்தறான். பழக்கதோசம். அங்க ஏதுங்க மல்லிகா? அவ கட்டுத்தறியில நிக்கறா. அவனுக்கே அது தெரிஞ்சுபோச்சு. ஒரு நொடி நின்னு, மூச்சு வாங்கி, எம் மூஞ்சிய நேராப் பாத்தான்.

"டேய் தம்பி! அந்தக் குமிழ இழுடா தம்பி!"

எனக்குக் குமிழு காதுல உழுகலீங்க. தம்பிங்கறது மட்டுந்தான் உழுந்துது. பாகம் பிரிச்ச நாள்ல இருந்து அந்த வாயில இருந்து அந்த வார்த்தை வல்ல தம்பி. சரியாக் கேட்டனான்னு சந்தேகமாப் போச்சு. இன்னொருக்காச் சொல்லட்டும்னு இன்னொரு சுத்துப் போனேன். சொன்னான். அப்பறந்தான் இழுத்தேன்.

வண்டி நின்னுச்சு. மட்கார்டு மேல சாஞ்சு நின்னு மூச்சு வாங்கறான், வேத்து ஊத்துது, என் துண்ட எடுத்து நான் தொடச்சு உட்டேன். பாவாத்தா கரி புடிச்ச ஆரத்தியவே ரெண்டு பேருக்கும் சேத்துச் சுத்துனா. சுத்திப்போட்டு ஆளுக்கொரு குட்டும் குடுத்தா. மாமன் மாலைய ஆளுக்கொரு பக்கம் புடிச்சுப் புள்ளைக்குப் போட்டோம். மைதிலி சிரிச்ச சிரிப்புல மை பூராக் கரைஞ்சு கன்னத்துல ஓடுச்சு. பெரியப்பன் பையன் அவன் மாலைய என்ன பண்ணுனானோ தெரியல.

பந்தியில பக்கத்துல உக்காந்து அண்ணன் சொன்னான், "வண்டிக்கு ஒண்ணுமே இல்லடா, கயிறுதாண்டா காரணம்." "ஆமாண்ணா, கயிறு அந்து பூசணிக்காய் ஒடைஞ்சதுந்தான் போச்சு"ன்னேன். அவன் பாயசத்தக் குடிக்காம என்னையவே பாத்துட்டிருந்தான்.

திரும்பி வர்றப்ப அவன் புது வண்டிய அங்கயே உட்டுட்டு, அப்பன் வண்டியத் தள்ளிக் கெளப்பி அண்ணன் ஓட்டுனான், நான் மட்கார்டுல. பழைய மாதிரியே இருந்துது. எங்க சாளையில கொண்டாந்து உட்டு, குமிழ இழுத்து நிறுத்துனான். எறங்கித் துண்டால வண்டியத் தொடச்சான். அன்னைக்கு மாதிரியே கண்ணும் கலங்குச்சு. சும்மா உட முடியுங்களா? அவன் அந்தப்பக்கம் போனதும் புதுப் பூசணிக்காய் ஒண்ண அதே எடத்துல கட்டிப்போட்டேன். அது இப்ப அழுகிப்போச்சு, அதுக்குப் பதிலுக்குத்தான் இந்தப் பையில இருக்கறது.

அதுக்கப்பறம் வண்டி ஓடுல. நாசிலாத்தான் இருக்கும்.

என்னமோ சொல்ல வாயெடுக்கறீங்க. தெரியுமுங்க. கயித்த அவுத்துக் குமிழ உள்ள தள்ளிப் பாருங்கன்னுதான? கோயமுத்தூர் கடைக்காரரும் அதத்தான் சொன்னாரு. போறப்பப் பஸ்ல பக்கத்துல உக்காந்திருந்த அம்மாவும் அதத்தான் சொல்லுச்சு.

எங்கண்ணனும் அதத்தான் சொல்றான். இப்ப மல்லிகாவ இழுத்துட்டு வர்றதில்ல. வேலியில ஒரு பக்கம் முள்ள வெட்டி வழி பண்ணிக்கிட்டான். பொழுதோட நேரா சாளைக்குள்ள வந்து, "தம்பி, அந்தக் கயித்த அவுருடா"ங்கறான். "உன்ற கண்ணு பொல்லாத கண்ணுண்ணா, முடியாது"ங்கறேன். தெய்வானை ரெண்டு டம்ளர் காப்பியக் கொண்டாந்து வெச்சுட்டுத் தலையில அடிச்சுக்கிட்டுப் போறா. அவன் ஒரு மட்கார்டுல, நான் ஒரு மட்கார்டுல. இருட்டற வரைக்கும் இதையேதான் பேசிக்கிட்டிருக்கறோம்.

நான் அவுத்துட்டேன்னே வெச்சுக்கங்க. வண்டியும் கெளம்பிருச்சுன்னே வெச்சுக்கங்க. அப்பறம் நாளைக்குப் பொழுதோட அவன் எதுக்குங்க வரப்போறான்?

பிரிவு வந்துருச்சு. கண்டக்டரே, ஒரு நிமிசம், எறங்கறேன். அந்தப் பைய எடுத்துக் குடுங்க தம்பி. நாசிலு உழுந்தா உழுகட்டும். பூசணிக்காயிக்கு மட்டும் அடியில கை குடுத்துத் தூக்குங்க.